யார் வைக்கச் சொன்னது? முதல் நோன்புக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, குழாயை மெல்லத் திறந்து, சத்தம் கேட்காமல் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் குடித்திருக்கிறீர்களா? நான் குடித்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல ரமலான்கள். குடித்துவிட்டு உதட்டைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டு, தொண்டை காய்ந்த முகத்தோடு வெளியே வருவேன். மாதவிடாய் நாட்களில், அதாவது நோன்பு வைக்கவே கூடாத நாட்களில், அண்ணன் தம்பிகள் முன்னால் நோன்பாளியாக நடித்த காலம் அது. கல்லூரியில் படித்தபோது, வைக்க வேண்டிய நாட்களிலும் அதே நடிப்புதான்.

அப்புறம் ஒரு ரமலானில் ஐந்து மாத கர்ப்பம். நிற்காத வாந்தி, தலைசுற்றல். விட்டிருக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. விடவில்லை. ஒன்பதாம் நோன்பன்று அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு அடுப்படித் தரையில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "யாரும்மா உன்னை நோன்பு வைக்கச் சொன்னது?" படுத்தபடியே யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் இருக்கவில்லை.

புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள், வருடக்கணக்கில் விட்டுவிட்டு இப்போது வைக்க நினைப்பவர்கள், வயதுக்கு வந்து முதல் ரமலானைப் பார்க்கும் பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மத்ஹபுகள் (மார்க்கச் சட்ட மரபுகள்) வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நிலைமை சிக்கலானது என்றால் நீங்கள் நம்பும் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு இப்போது கடமையா என்று முதலில் பாருங்கள்

பருவ வயதை அடைந்த, புத்தி சுவாதீனமுள்ள, உடல் இடம் கொடுக்கிற முஸ்லிமுக்கு ரமலான் நோன்பு கடமை. குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையிலான வசனங்களை உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள், ஐந்து நிமிடம் ஆகும். நோன்பு கடமை என்று சொல்லும் இடத்திலேயே, நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் இருக்கிறது. அல்லாஹ் உங்களுக்கு இலகுவைத்தான் நாடுகிறான் என்பதும் அங்கேயே வருகிறது. எங்கள் வீட்டில் 183ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். 184, 185ஐ யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாதவிடாயிலும் பிரசவத் தீட்டிலும் நோன்பு வைக்கக் கூடாது. பிறகு களாச் செய்ய வேண்டும், அதாவது விட்ட நாட்களைப் பின்னர் வைக்க வேண்டும். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தனக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் விடலாம். பயணம் என்றால் சுமார் 80 கிலோமீட்டர் என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் அளவு. குணமாக வாய்ப்பில்லாத நோயாளிக்கும் தள்ளாத முதியவருக்கும் நோன்புக்குப் பதில் ஃபித்யா, அதாவது ஏழைக்கு உணவு.

சிறு பிள்ளைகளுக்குக் கடமையே இல்லை. பழக்கத்துக்காக வைக்க வைப்பது உண்டு. நபி (ஸல்) காலத்துப் பெண்கள் பிள்ளைகளை ஆஷூரா (முஹர்ரம் பத்தாம் நாள்) நோன்பு வைக்கச் செய்து, பசித்து அழுதால் கம்பளியால் செய்த பொம்மையைக் கொடுத்ததாக ஹதீஸ் (நபிமொழி அறிவிப்பு) இருக்கிறது. கொடுத்தது பொம்மையை. "பக்கத்து வீட்டுப் பையன் முப்பதும் வெச்சுட்டான், நீ?" என்ற பேச்சை அல்ல.

2. இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள்

தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிற எவருக்கும் இது பொருந்தும். சர்க்கரை, சிறுநீரகம், இதயம், வலிப்பு, வயிற்றுப்புண், கர்ப்பம் என்றால் தள்ளிப்போடவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்காகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் டார் (DAR, நீரிழிவும் ரமலானும்) அமைப்பும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அவ்வளவு காலம் தேவைப்படும். முதல் நோன்புக்கு முந்தின நாள் போய் நின்றால் டாக்டர் என்ன செய்வார், "வைக்காதீங்க" என்பார். அவர் மேல் தப்பில்லை.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: கடைசியாக எடுத்த பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் மருந்துகளின் பெயரும் நேரமும் எழுதிய தாள், உங்கள் ஊரில் அந்த மாதத்துக்கான சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு), இஃப்தார் (நோன்பு திறப்பு) நேரங்கள். மூன்றாவது முக்கியம். எத்தனை மணி நேரம் நீங்கள் சாப்பிடாமல் இருப்பீர்கள் என்பது பல டாக்டர்களுக்குத் தெரியாது. பகல் நீளும் கோடையில் ஒரு கணக்கு, குளிர்காலத்தில் வேறு கணக்கு. ரமலான் ஆண்டுக்கு 10 அல்லது 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால், ஐந்து வருடம் முன்பு வாங்கிய ஆலோசனையை வைத்துக்கொண்டு இப்போது ஓட்டாதீர்கள்.

வெளியே வரும்போது கையில் ஒரு எழுத்துச் சீட்டு இருக்கட்டும். எந்த மருந்து சஹரில், எது இஃப்தாரில், எந்த அறிகுறி வந்தால் உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நீரிழிவு என்றால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300ஐத் தாண்டினாலும் முறித்துவிட வேண்டும் என்பது அந்த வழிகாட்டி சொல்லும் எல்லை. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நோன்பு போய்விடும் என்று பயந்து நாள் முழுக்கப் பார்க்காமலே இருப்பவர்கள் நிறைய.

அந்தச் சீட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்" என்று சொன்னால் வீட்டில் பாதி வாய் அடங்கும். எழுத்தில் இருப்பதற்கு ஒரு மரியாதை.

3. ஒரு தாளில் எழுதுங்கள்: ஏன் வைக்கப் போகிறேன்?

நிய்யத், அதாவது நோன்பு வைக்கிறேன் என்ற எண்ணம், மனதில் இருந்தால் போதும், வாயால் சொல்வது கட்டாயமில்லை. சட்டப்படி அதற்கும் நேரம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ரமலான் நோன்புக்கு ஒவ்வொரு இரவும், ஃபஜ்ருக்கு (விடியல் தொழுகை நேரத்துக்கு) முன் நிய்யத் வேண்டும். ஹனஃபியில் நண்பகலுக்கு முன்வரை இடம் இருக்கிறது. மாலிகியில் தொடர்ச்சி அறாத வரை மாதம் முழுவதற்கும் ஒரே நிய்யத் போதும்.

சட்டம் அவ்வளவுதான். நான் சொல்ல வருவது அதற்கும் அடியில் இருக்கும் ஒன்றை.

ரமலானுக்கு ஒரு வாரம் முன்னால், யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, ஏன் நோன்பு வைக்கப் போகிறேன் என்பதை எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். நான் எழுதியது இப்படி இருந்தது: மாமியார் கேட்பார். நாத்தனார் பார்ப்பாள். எல்லோரும் வைக்கிறார்கள். உடம்பு இளைக்கும். குழந்தைக்கு நான் முன்மாதிரி. அல்லாஹ் சொன்னான். கவனித்தீர்களா, அல்லாஹ் ஆறாவது இடத்தில் வந்தான். எழுதிப் பார்க்கிற வரை எனக்கே அது தெரியாது.

எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: ஒரு மாதம் தனி ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தால் எதெல்லாம் இந்தப் பட்டியலில் மிஞ்சும்? மிஞ்சுவதைத்தான் சஹரில் நினைக்க வேண்டும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த முகஸ்துதி, பிறர் பார்க்கவென்று வணங்குவது. நோன்பு எனக்கு உரியது, நானே அதற்குக் கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் இருக்கிறது. யோசித்தால் புரியும், தொழுகையைப் பார்க்கலாம், ஜகாத்தை எண்ணலாம், நோன்பை யாராலும் சரிபார்க்க முடியாது. அந்தப் பாத்ரூம் குழாய்க்கு என் ரகசியம் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டாவது பள்ளம் கொஞ்சம் ஏமாற்றும். "ஊருக்காகத்தானே வைக்கிறேன், இது எதற்கு ஆகும், வைக்காமலே இருக்கலாம்." கல்லூரியில் நான் விழுந்தது இதில்தான். கலப்படமில்லாத நிய்யத் வரும்வரை காத்திருந்தால் ஆயுசு முடிந்துவிடும். காரணங்கள் கலந்தே வரும். வைத்துக்கொண்டே சரிசெய்யுங்கள். கூட்டத்தோடு வைப்பது எளிதாக இருக்கிறது என்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தத் துணைக்காகவும்தான் எல்லோருக்கும் ஒரே மாதம். அந்தத் துணை எப்போது உங்களைக் கண்காணிக்க ஆரம்பிக்கிறதோ, அப்போதுதான் ஐந்தாம் படி தேவைப்படும்.

4. வேலை இடத்தில்

இரண்டு வாரம் முன்பு மேலாளருக்கு நான்கு வரி மெயில் போடுங்கள். எந்தத் தேதியை ஒட்டி மாதம் தொடங்கும், மொத்தம் 29 அல்லது 30 நாள், உங்களுக்கு என்ன வேண்டும். முடிந்தால் மதிய இடைவேளைக்குப் பதில் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேளுங்கள். இஃப்தார் நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். பெருநாள் லீவுக்கு ஒரே தேதி கொடுக்காதீர்கள். பிறை பார்த்துத்தான் முடிவாகும், ஆகவே அடுத்தடுத்த இரண்டு தேதிகளைக் கொடுத்து, இரண்டில் ஒன்று என்று எழுதுங்கள். நான் முதல் வேலையில் ஒரே தேதி கொடுத்து, பெருநாளன்று ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

"தண்ணி கூடவா குடிக்கக் கூடாது?" என்று தினமும் ஒருவர் கேட்பார். "ஆமா, தண்ணி கூட" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். தினமும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. உங்கள் முன்னால் சாப்பிடலாமா என்று தயங்குகிறவர்களிடம் தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள், அவர்கள் ஒளிந்து சாப்பிட வேண்டிய நிலை வேண்டாம்.

5. "நோன்பா?" என்று கேட்பவர்களிடம்

இந்த ஒரு சொல் கேள்விக்குத்தான் நான் பதினைந்து வருடம் பயந்தேன். கேட்கிறவருக்கு அது வெறும் விசாரிப்பு, "சாப்பிட்டாச்சா?" மாதிரி. கேட்கப்படும் பெண்ணுக்கு அது, தன் உடம்பின் கணக்கை நடுக்கூடத்தில் ஒப்பிப்பது.

பதில்களை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் பொய்தான் வாயில் வரும்.

நோன்பு இல்லாத நாளில்: "இன்னைக்கு எனக்கு விதிவிலக்கு." அவ்வளவுதான். காரணம் சேர்க்காதீர்கள். "ஏன், என்ன உடம்புக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தால், "துஆ செய்யுங்க" (பிரார்த்தனை செய்யுங்கள்) என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். துஆ கேட்டவரை மேலும் குடைய யாருக்கும் மனசு வராது. நான் பலமுறை சோதித்துப் பார்த்த பதில் இது.

"நாங்கள்லாம் மாசமா இருக்கும்போதே முப்பதும் வெச்சோம்" என்பவரிடம் வாதாடாதீர்கள். அவர் வைத்தது உண்மையாகவே இருக்கலாம். "உங்களுக்கு அல்லாஹ் தெம்பு கொடுத்தான், எனக்குச் சலுகை கொடுத்திருக்கான்" என்று சொன்னேன். என் மாமியார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி, என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

கையில் ஆதாரம் வேண்டுமென்றால் இரண்டை நினைவில் வையுங்கள். நபி (ஸல்) அவர்களோடு பயணம் போவோம், நோன்பு வைத்தவர் வைக்காதவரைக் குறை சொல்ல மாட்டார், வைக்காதவர் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டார் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார். மற்றொன்று, மக்கா வெற்றி ஆண்டின் பயணத்தில் நோன்பு மக்களுக்குக் கடினமாக இருந்தபோது, நபி (ஸல்) தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள். ஒளிந்து அல்ல, எல்லோரும் பார்க்க. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்காக நடுத்தெருவில் நின்று சாப்பிடச் சொல்லவில்லை. நோன்பாளிகள் நடுவில் மறைவாகச் சாப்பிடுவது மரியாதை. சாப்பிட்டுவிட்டு நோன்பு என்று சொல்வது பொய். பொய்யான பேச்சை விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை ஏதுமில்லை என்ற ஹதீஸ் நோன்பு வைத்தவர்களையே எச்சரிக்கிறது. வைக்காமலே பொய் சொன்ன என்னை எங்கே வைப்பது?

வீட்டில் ஆண்பிள்ளைகள் இருந்தால், மாதத்தில் சில நாள் அம்மாவும் அக்காவும் நோன்பு வைக்க மாட்டார்கள், ஏன் என்று கேட்கக் கூடாது என்பதைப் பத்து வயதிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு, பெண்களுக்கு எத்தனையோ வருட நடிப்பு மிச்சம்.

புதிதாக முஸ்லிமானவர்களுக்கு இதே அழுத்தம் எதிர்த் திசையில் இருந்து வரும். அம்மா தட்டை நீட்டி "எனக்காக ஒரு வாய்" என்பார். கடமையான நோன்பை அதற்காக முறிக்க முடியாது. மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், மாலையில் அவர் சமைத்ததிலேயே நோன்பு திறங்கள். தன் சமையலை வேண்டாம் என்கிறான் என்பதுதான் பல அம்மாக்களின் உண்மையான வருத்தம்.

6. களா நோட்டும் செலவுக் கணக்கும்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். விடுபட்ட நாள், காரணம், வைத்து முடித்த தேதி என மூன்று பத்தி போதும். போனிலும் வைக்கலாம், ஆனால் போன் தொலைந்தால் கணக்கும் போய்விடும்.

பழைய கணக்கு நினைவில்லை என்றால் உத்தேசமாகக் கூடுதலாகவே போடுங்கள். நான் போட்டது: 12 ரமலான், மாதவிடாய்க்கு 7 நாள் வீதம் 84. கல்லூரியில் காரணமின்றி விட்டவை 25. கர்ப்ப ரமலானில் 21. மொத்தம் 130. எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வாரம் இரண்டு, திங்களும் வியாழனும் என்று ஆரம்பித்தேன். குளிர்காலத்தில் பகல் குறைவு, அப்போது அதிகம் வைத்துவிடுங்கள்.

பலரும் குழப்பிக்கொள்ளும் நான்கு சொற்கள்:

களா: விட்டதற்குப் பதில் ஒரு நாளுக்கு ஒரு நாள்.

ஃபித்யா: இனி வைக்கவே முடியாதவர் ஒரு நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பது. ஷாஃபிஈயில் ஒரு முத்து (அந்தக் கால முகத்தல் அளவு) தானியம், முக்கால் கிலோ வரை வரும். ஹனஃபியில் அரை ஸாவு (இதுவும் ஒரு முகத்தல் அளவு) கோதுமை அல்லது அதன் விலை, ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பள்ளிவாசல்கள் ரமலானுக்கு முன் தொகையாகவே அறிவிப்பதுண்டு. அதை 29ஆலோ 30ஆலோ பெருக்கி முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆரோக்கியமாக இருப்பவர் பணம் கட்டிவிட்டு நோன்பை விட முடியாது. வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள்.

கஃப்பாரா: வைத்த ரமலான் நோன்பைத் தாம்பத்திய உறவால் முறித்தால் தொடர்ந்து 60 நாள் நோன்பு, முடியாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு. ஹனஃபியில் வேண்டுமென்றே சாப்பிட்டு முறித்தாலும் இதுவே. முதலிலேயே வைக்காமல் விட்டதற்கு இது வராது.

ஃபித்ரா: இது நோன்பு விட்டதற்கல்ல. பெருநாள் தொழுகைக்கு முன் வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது.

காரணமின்றி களாவை அடுத்த ரமலான் தாண்டித் தள்ளினால் ஷாஃபிஈயில் களாவோடு ஃபித்யாவும் சேரும். ஹனஃபியில் களா மட்டும். கர்ப்பிணி குழந்தைக்காக மட்டும் பயந்து விட்டால் ஷாஃபிஈயில் களாவும் ஃபித்யாவும், ஹனஃபியில் களா மட்டும். யாராவது "பணம் கட்டினா போதும்" என்றால் எந்த மத்ஹப் என்று கேளுங்கள்.

மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது, இஃப்தார் விருந்து. அவர் அழைத்தார், நாமும் அழைக்க வேண்டும் என்று ஆரம்பித்து மாதச் சம்பளம் காலியாகும். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தாலும் அது நோன்பு திறக்க வைத்ததுதான்.

7. முதல் மூன்று நாள்

டீ, காபி குடிப்பவர்கள் பத்து நாள் முன்பே குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் மதியமே தலை பிளக்கும். சஹரைத் தவறவிடாதீர்கள். "நான் சஹர் இல்லாமலே வைப்பேன்" என்பது பெருமை இல்லை, சஹரில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது என்பது நபிமொழி.

நேரத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நோன்பு தொடங்குவது சூரிய உதயத்தில் அல்ல, அதற்கு வெகு முன்னே வரும் ஃபஜ்ரில். சில அட்டவணைகளில் ஃபஜ்ருக்குப் பத்து நிமிடம் முன்னால் இம்சாக் என்று போட்டிருக்கும், அது முன்னெச்சரிக்கைக்கு மட்டும். போன் செயலிகளில் கணக்கிடும் முறையை மாற்றினால் ஃபஜ்ர் நேரமும் மாறும், உங்கள் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள். மாலையில் சூரியன் மறைந்ததும் திறந்துவிடுங்கள், தாமதிப்பதில் கூடுதல் பக்தி ஏதுமில்லை.

8. முறிந்துவிட்டால்

மறந்து சாப்பிட்டுவிட்டீர்களா? நினைவு வந்ததும் நிறுத்துங்கள், நோன்பு தொடர்கிறது. அல்லாஹ்தான் உண்ணவும் பருகவும் கொடுத்தான் என்று ஹதீஸ். தானாக வாந்தி வந்தாலும் முறியாது, வலிய வரவழைத்தால் முறியும். உடம்பு கெட்டு முறிக்க நேர்ந்தால் முறியுங்கள், நோட்டில் ஒரு வரி எழுதுங்கள், மறுநாள் முடிந்தால் வையுங்கள். ஒன்று போனதும் "இந்த வருஷம் போச்சு" என்று மாதத்தையே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 29 மிச்சம் இருக்கும்போது எதற்கு?

9. பெருநாளுக்குப் பிறகு

பெருநாளன்று நோன்பு வைப்பது தடை. மறுநாளே "ஆறு நோன்பு ஆரம்பிச்சாச்சா?" என்று அடுத்த விசாரிப்பு தொடங்கும். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாத ஆறு நோன்பு சுன்னத், நல்ல அமல், கட்டாயமில்லை. களா பாக்கி இருந்தால் அதை முதலில் முடிக்கச் சொல்கிறார்கள் பல ஆலிம்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். நோட்டில் இன்னும் 11 இருக்கிறது. நாளை திங்கள், அலாரம் வைத்தாயிற்று. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.